ரப்பர் விளை உச்சியில தண்ணித் தொட்டி, வீட்டுல இருந்து 700 மீட்டர்: எந்த ரேடியோ மாடியூல் வாங்கலாம்?

குலசேகரம்காரன்:

வணக்கம் மக்களே. எனக்க வீடு குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற ரோட்டை விட்டு கொஞ்சம் உள்ள தள்ளிக் கெடக்கு. வீட்டுக்குப் பின்னால மேடு ஏறிப் போனா எங்க ரப்பர் விளை, அதுக்க உச்சியில ஒரு சிமெண்ட் தொட்டி, கீழ கெணத்து மோட்டாரைப் போட்டா பைப்பு வழியா தண்ணி அங்க ஏறும், அங்க இருந்துதான் சின்ன ரப்பர் தைக்கும் ஓரத்துல நிக்க வாழைக்கும் பாயுது. தொட்டி நெறஞ்சுதா காலியாங்கறது கீழ நிக்கவனுக்குத் தெரியாது. காலம்பற பால் வெட்டப் போறவங்க போன் பண்ணி "தண்ணி வழியுது, மோட்டாரை நிறுத்து"ன்னு சொன்னாத்தான் உண்டு, அவங்க போனுக்கும் அங்க ஒரு கோடு சிக்னல் வந்தா வரும் இல்லன்னா இல்ல.

மேப்புல அளந்து பாத்தேன், மாடியில இருந்து தொட்டிக்கு நேரா 700 மீட்டர் வருது, நடுவுல பூராவும் ரப்பர் மரம். வைஃபை எட்டாது, சிம் போடுற மாடியூல் வேண்டாம், சிக்னலும் இல்ல மாசாமாசம் ரீசார்ஜும் பண்ண முடியாது. தொட்டிப் பக்கம் கரண்ட் கிடையாது, சோலார் வெச்சாலும் மரத்து நெழல்ல வெயில் விழாது. அதனால பேட்டரியிலேயே ஓடணும், அடிக்கடி ஏறிப்போய் மாத்தவும் முடியாது.

ஆர்டுயினோ ஓரளவு தெரியும், காலேஜ்ல ரிலே எல்லாம் போட்டு வெளையாடியிருக்கேன். ரேடியோ பக்கம் போனதில்ல. ஆன்லைன்ல தேடுனா நூறு ரூபாய்க்கு என்ஆர்எஃப்24 இருக்கு, அதுலயே நீட்டு ஆன்டெனா வெச்சது ஒரு கிலோமீட்டர் போகும்னு போட்டிருக்கான், எச்சி-12ன்னு ஒண்ணு, ஆர்ஏ-02 லோரான்னு ஒண்ணு, அதெல்லாம் போக 433னு சொல்லி சின்னதா ரெண்டு போர்டு ஜோடியா இன்னும் சல்லிசா கெடைக்கு. எல்லாத்துக்கும் கீழ "சூப்பர் ரேஞ்ச்"னு அஞ்சு ஸ்டார். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து 1500 ரூபாய்க்குள்ள முடிக்கணும். கால்மணிக்கு ஒருதடவ தண்ணி எவ்வளவுன்னு வந்தா போதும். எதை வாங்க?

---

நாஞ்சில் சோல்டர்:

தம்பி, கேள்விய நல்லா விவரமா கேட்டிருக்க, அதனால நானும் கணக்குப் போட்டே சொல்லுதேன்.

மொதல்ல அந்த என்ஆர்எஃப்24எல்01+. நார்வேக்காரங்க நார்டிக் கம்பெனி சிப்பு, 2.4 கிகாஹெர்ட்ஸ், அனுப்புற பவர் அதிகபட்சம் 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட். இருக்கதுலயே மெதுவான 250 கேபிபிஎஸ் வேகத்துல வெச்சா அதுக்கு மைனஸ் 94 டிபிஎம் வரைக்கும் காது கேக்கும், மைனஸ் கூடக் கூட சிக்னல் கொறவுன்னு வெச்சுக்கோ. இப்ப 700 மீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்ல நடுவுல ஒண்ணுமே இல்லாத வெட்டவெளியிலயே 97 டிபி கொறஞ்சிரும். 0ல இருந்து 97 போனா மைனஸ் 97, கேக்கறது 94 வரைக்கும்தான். ஆகக்கூடி நாஞ்சில் நாட்டு ஏலாவுல அறுப்பு முடிஞ்ச வயல்ல ரெண்டு பக்கமும் கம்பு நட்டு வெச்சாலே கணக்குப்படி தொடாது, நீ ரப்பருக்குள்ள விடப்போற. நீட்டு ஆன்டெனா வெச்சதுல ஆம்ப்ளிஃபயர் உண்டு, கொஞ்சம் கூடப் போகும், ஆனா அனுப்பும்போது 100 மில்லி ஆம்புக்கு மேல இழுக்கும், அப்புறம் 2.4னா பச்ச எலையில இருக்க தண்ணி நல்லாக் குடிச்சிரும்.

இப்ப லோரா, கொஞ்சப் பவர்ல மெதுவாப் பேசி ரொம்ப தூரம் போற ரேடியோ முறை. எஸ்எக்ஸ்1276 சிப்பு, 866 மெகாஹெர்ட்ஸ். அதே 700 மீட்டருக்கு வெட்டவெளி நஷ்டம் 88 டிபி, அதாவது 2.4ஐ விட 9 டிபி லாபம் சும்மாவே கெடைக்கு. 17 டிபிஎம்ல அனுப்புனா அந்தப்பக்கம் மைனஸ் 71 வரும். ஸ்ப்ரெடிங் ஃபாக்டர் (சேதிய எவ்வளவு இழுத்து மெதுவா அனுப்பணுங்கற அளவு, சுருக்கமா எஸ்எஃப்) 9, பேண்ட்விட்த் (அலை எடுக்கற அகலம்) 125 கிலோஹெர்ட்ஸ்னு வெச்சா மைனஸ் 129 வரைக்கும் அதுக்கு கேக்கும். மீதி 58 டிபி கையில நிக்குது பாத்தியா, அதுதான் எலைக்கும் மரத்துக்கும் மழைக்கும். இந்த வித்தியாசம் தெரிஞ்சா மத்ததெல்லாம் நீயே முடிவு பண்ணிருவ.

அந்த ஜோடி 433 போர்டு, தூரப்போடு. அதுல ரிசீவர் பழைய காலத்து சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை, சும்மா இருக்கும்போதும் பாக்கெட்டு மாதிரியே இரைச்சல துப்பிக்கிட்டு இருக்கும், போய்ச் சேந்துதான்னு திருப்பிச் சொல்ல வழியும் கெடையாது. கேட்டு மணிக்கு ஆவும், வேற ஒண்ணுக்கும் ஆவாது.

---

தக்கலை டிங்கர்:

சோல்டர் அண்ணாச்சி கணக்கெல்லாம் சரிதான், ஆனா என்ஆர்எஃப்ப இப்படி ஒரேயடியா மட்டம் தட்டாதீங்க. எனக்க வீட்டுல கோழிக்கூட்டு கதவு, மாடி டேங்க், கேட்டு லைட்டு எல்லாம் என்ஆர்எஃப்24லதான் ஓடுது. ஒரு ரிசீவர் ஆறு பைப்புல, அதாவது ஆறு தனி முகவரியில, ஆறு பேர் சொல்றதக் கேக்கும், பாக்கெட்டு சேந்துதான்னு சிப்பே பதில் வாங்கிக்கும், சேரலன்னா அதுவே திருப்பி அனுப்பும், நம்ம கோடு எழுத வேண்டாம். தூங்கும்போது 900 நானோ ஆம்பு. நூறு ரூபாய்க்கு இதுக்கு மேல என்ன வேணும்? வீட்டுக்குள்ள, முத்தத்துக்குள்ள, அம்பது மீட்டருக்கு லோரா வாங்குறது எனக்கு வீண் செலவாத்தான் தெரியுது.

இங்க பாதிப்பேருக்கு என்ஆர்எஃப் புடிக்காமப் போனதுக்கு ரெண்டு காரணம்தான். ஒண்ணு, ஆர்டுயினோவுல இருக்க 3.3 வோல்ட் பின்னுல இருந்து நீட்டு ஒயர் இழுத்து கரண்ட் குடுக்காங்க, அது அனுப்பப்போகும்போது வோல்டேஜ் சட்டுனு தொங்கிரும். மாடியூலுக்க விசிசி, கிரவுண்ட் ரெண்டு காலுக்கும் குறுக்க ஒரு 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர ஒட்ட வெச்சு சோல்டர் பண்ணுங்க, பாதி நோய் போயிரும். ரெண்டாவது டூப்ளிகேட் சிப்பு. பிளஸ் இல்லாத பழைய சிப்புக்கு 250 கேபிபிஎஸ் வேகம் கெடையாது, மேல பிளஸ்னு அச்சடிச்சு உள்ள வேற என்னத்தையோ வெச்சு விக்கவனும் உண்டு. ஆர்எஃப்24 லைப்ரரியில சிப்பு பிளஸ்ஸா இல்லையான்னு கேக்க ஒரு ஃபங்ஷன் இருக்கு, பார்சல் பிரிச்ச ஒடனே அதை ஓட்டிப் பாத்துட்டு ஸ்டார் குடுங்க.

நடுவுல சேதிய வாங்கி அடுத்ததுக்குக் கடத்துற ரிலே நோட் ரெண்டு மூணு போட்டா என்ஆர்எஃப்லயே 700 மீட்டர் போலாம்னுதான் சொல்ல வந்தேன்.

---

நாஞ்சில் சோல்டர்:

போலாம்லே மக்கா, யாரு இல்லன்னா. ஆனா நடுவுல நிக்க ரிலே எப்பவும் முழிச்சுக் கெடக்கணும், யாரு எப்ப பேசுவான்னு அதுக்குத் தெரியாது. கேட்டுக்கிட்டு இருக்கதுக்கே 12, 13 மில்லி ஆம்பு. ஒரு நாளைக்கு 300 மில்லி ஆம்ப் அவர். நல்ல 18650 லித்தியம் பேட்டரி ஒண்ணு ஒரு வாரம் பத்து நாளுதான் தள்ளும். மூணு ரிலேன்னா மூணு மரத்துல ஏறி வாராவாரம் பேட்டரி மாத்துவியா? நேரம் ஒத்து எல்லாரும் சேந்து முழிக்கிற மாதிரி எழுதலாம், அதுக்கு எழுதற நேரத்துல இந்தத் தம்பி வாய்க்கால் வெட்டியே தண்ணி கொண்டு போயிருவான்.

---

ஈத்தாமொழி தென்னை:

நான் எச்சி-12 வெச்சிருக்கேன், நல்லாத்தான் போவுது. எங்க தோப்புல மோட்டார் ஷெட்டுல இருந்து வீட்டுக்கு, சும்மா சீரியல் போர்ட் மாதிரி, இந்தப்பக்கம் எழுதுனா அந்தப்பக்கம் வந்து விழும், லைப்ரரி ஒண்ணும் வேண்டாம். எங்க பக்கம் தரை சமம், தென்னைக்கு எலை எல்லாம் உச்சியில, ஆளு உயரத்துல வெறும் தடிதான், சிக்னல் எடையில பூந்து போயிருது. ரப்பருக்கு எப்படின்னு தெரியல.

எனக்கு வந்த பிரச்சனை வேற, உப்புக்காத்து. ராஜாக்கமங்கலம் ஈத்தாமொழி பக்கம் கடல் காத்து அடிக்கற எடத்துல போர்டை அப்படியே டப்பாவுக்குள்ள வெச்சா ஆன்டெனா சோல்டர் பண்ண எடம் பச்சையாப் பூத்துப் போவுது. இப்ப எல்லாத்துக்கும் மேல வார்னிஷ் மாதிரி ஒரு கோட்டிங் அடிச்சு, சுவிட்ச் போர்டுக்காரங்க வெளிய மாட்டுற ஜங்ஷன் பாக்ஸ்ல வெச்சு, ஒயர் போற ஓட்டைய அடிப்பக்கமா வெச்சு கிளாண்ட் போட்டிருக்கேன். அப்பவும் எறும்பு. சின்னக் கட்டெறும்பு உள்ள போய் முட்டையோட குடியிருக்கு. ஓட்டைய சிலிக்கான் வெச்சு அடைச்சாத்தான் அடங்குது.

---

முட்டம் ஒலிபரப்பு:

எச்சி-12 பத்தி ஒரு வார்த்தை. இங்க யாரும் சட்டத்தப் பத்திப் பேசல, அதனால நான் சொல்லுதேன், போர் அடிச்சாலும் படிச்சிருங்க.

நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம சும்மா பயன்படுத்தறதுக்குன்னு சில அலைவரிசையை ஒதுக்கியிருக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் உண்டு, அதுலதான் வைஃபை, புளூடூத், என்ஆர்எஃப் எல்லாம். 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உண்டு, ஆனா அதுல பவர் 10 மில்லிவாட், சேனல் அகலம் 10 கிலோஹெர்ட்ஸ், அவ்வளவுதான். எச்சி-12க்குள்ள இருக்க எஸ்ஐ4463 சிப்பு 100 மில்லிவாட் விடுது, அதோட சேனல் 433.4ல ஆரம்பிச்சு 400 கிலோஹெர்ட்ஸ் தாவித் தாவி 473 வரைக்கும் போகுது. மூணாவது சேனலத் தொடும்போதே 434 தாண்டியாச்சு. அதே மாதிரி ஆர்ஏ-02, அதுக்குள்ள இருக்கது எஸ்எக்ஸ்1278, அதோட உச்சம் 525 மெகாஹெர்ட்ஸ், 433லதான் எல்லாரும் ஓட்டுறாங்க, லோராவுக்க 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் அந்த 10க்குள்ள எங்க அடங்கும்?

நமக்குன்னு இருக்கது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். 2005லயே தொறந்து விட்டாச்சு, 1 வாட் வரைக்கும் அனுப்பலாம், ஆன்டெனாவும் சேத்து 4 வாட், அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 2021ல அதை 868 வரைக்கும் நீட்டியிருக்காங்க. லோராவுக்க 125 கிலோஹெர்ட்ஸ் அதுல சொகமா உக்காரும், தாராளமா 17 டிபிஎம் விடலாம், அது 50 மில்லிவாட்தான். வெளிநாட்டு வீடியோவப் பாத்து 915ன்னு கோடுல போட்டுறாதீங்க, அது அமெரிக்காவுக்குள்ளது, இங்க அந்தப்பக்கம் செல்போன் டவர்காரங்க அலை. 868னு போட்ட மாடியூல் வாங்கலாம், கோடுல மட்டும் 866னு மாத்துனா போதும், சிப்பு ஒண்ணுதான்.

ஈத்தாமொழி அண்ணன் கோச்சுக்காதீங்க. தோப்புக்குள்ள வந்து யாரும் அளக்கப் போறதில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா புதுசா வாங்கறவங்க சட்டத்துக்குள்ள இருக்கதும், நல்லாப் போறதும், வெல ஏறக்குறைய ஒண்ணா இருக்கும்போது ஏன் அந்தப்பக்கம் போகணும்?

---

குலசேகரம்காரன்:

ஆர்ஏ-02வ கார்ட்டுல போட்டு வெச்சிருந்தேன், எடுத்துட்டேன். அப்ப 866க்கு என்ன பேருல தேடணும்? அப்புறம் ஸ்ப்ரெடிங் ஃபாக்டர் 12ன்னு வெச்சா இன்னும் தூரம் போகும்னு ஒரு வீடியோவுல சொல்லுதாங்க, அதையே வெச்சிரலாமா? பேட்டரி எவ்வளவு நாள் வரும்? ஆர்டுயினோ ஊனோதான் கையில கெடக்கு.

---

நாஞ்சில் சோல்டர்:

ஆர்ஏ-01எச்னு தேடு, இல்லன்னா ஆர்எஃப்எம்95. ரெண்டுலயும் எஸ்எக்ஸ்1276 குடும்பம்தான். கடைசி எழுத்து எச் இருக்கான்னு ரெண்டு தடவ பாரு, தகரமூடி போட்டா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரனே மாத்தி அனுப்புவான். வெல நானூறு ஐநூறுக்குப் பக்கத்துல வரும், ஒருநாள் இருக்க வெல மறுநாள் இருக்காது. இன்னொரு சங்கதி, கால் எடைவெளி 2 மில்லிமீட்டர், நம்ம பிரெட்போர்டு 2.54, அதனால நேரா குத்த முடியாது, அடாப்டர் போர்டோட வாங்கு இல்லன்னா மெல்லிசு ஒயர் வெச்சு சோல்டர் பண்ணத் துணிஞ்சுக்கோ.

ஊனோவ இதுல தொடாத. ஊனோ 5 வோல்ட்டு, இந்தச் சிப்பு 3.7க்கு மேல தாங்காது, சிக்னல் கால்ல 5 வோல்ட் போனாலும் கதை முடிஞ்சிரும். என்ஆர்எஃப்புக்கு சிக்னல் கால் 5 வோல்ட் தாங்கும், அதை நம்பி இதையும் அப்படி மாட்டுனவங்க நெறையப் பேரு. ஆர்டுயினோ ப்ரோ மினி, 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ், அது ஒண்ணு வாங்கு.

எஸ்எஃப் 12 பத்தி. பத்து பைட் அனுப்புறன்னு வெச்சுக்கோ. எஸ்எஃப் 7ல அது காத்துல இருக்க நேரம் 41 மில்லி செகண்டு. 9ல 144. 12ல கிட்டத்தட்ட ஒரு செகண்டு, 991 மில்லி செகண்டு. அவ்வளவு நேரமும் 87 மில்லி ஆம்பு எரியும், பக்கத்துல வேற யாராவது லோரா போட்டிருந்தா அவன் வாயையும் அடைச்சு வெப்ப. 9ல ஆரம்பி, வரலன்னா 10. பதினொண்ணு பன்னெண்டுக்குப் போக வேண்டியிருந்தா ஆன்டெனாவுலதான் கோளாறுன்னு அர்த்தம்.

---

சாமியார்மடம் ஓம்ஸ்:

பேட்டரி கேள்விக்கு நான் வாறேன், எனக்குப் பிடிச்ச ஏரியா.

ரேடியோ கொஞ்சமாத்தான் திங்குது, கூட இருக்கதுதான் எல்லாத்தையும் திங்குது. அண்ணன் சொன்ன 87 மில்லி ஆம்பு 144 மில்லி செகண்டு, கால்மணிக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 96 தடவ. பெருக்கிப் பாத்தா நாளொண்ணுக்கு 0.33 மில்லி ஆம்ப் அவர். மீதி நேரம் எல்லாம் தூங்கும், சிப்பு 0.2 மைக்ரோ ஆம்பு, ப்ரோ மினிய தூக்கத்துல இருந்து எழுப்பற வாட்ச்டாக் டைமர் ஓட ஒரு அஞ்சு மைக்ரோ ஆம்பு, அங்க இங்க கசியறதெல்லாம் சேத்து 10னு தாராளமா வெச்சாலும் நாளைக்கு 0.24. ரெண்டும் சேந்து 0.6 கூட வரல. 2000 மில்லி ஆம்ப் அவர் பேட்டரின்னா வருசக்கணக்குல ஓடும், பேட்டரி தானாவே வயசாகித்தான் செத்துப்போகும்.

இப்ப இதே சர்க்யூட்டுல ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒண்ண போடுங்க, எல்லா மலிவு போர்டுலயும் இருக்கே அந்த மூணுகால். அது ஒரு வேலையும் பாக்காம சும்மா நிக்கதுக்கே 5 மில்லி ஆம்பு கூலி கேக்கும். நாளைக்கு 120 மில்லி ஆம்ப் அவர். அதே பேட்டரி ரெண்டு வாரம் கொஞ்சம் சொச்சம். போர்டுல மின்னுற பவர் எல்இடி அது பங்குக்கு ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பு. இதத் தெரியாம லோரா பேட்டரிய குடிக்குன்னு திட்டுறவங்கதான் ஜாஸ்தி.

அதனால ப்ரோ மினி வந்த ஒடனே எல்இடியையும் ரெகுலேட்டரையும் பேத்து எடுத்துருங்க. சின்ன எல்இடிதான், சோல்டரிங் அயர்ன் நுனியில ஒரு பொட்டு ஈயத்த உருட்டி ரெண்டு முனையும் ஒரே நேரத்துல சூடாகற மாதிரி வெச்சா வழுக்கிட்டு வந்துரும், பக்கத்துல ரெசிஸ்டரயும் சேத்து இழுத்துறாதீங்க. பேட்டரிக்கு சாதா லித்தியம் அயன் வேண்டாம், அது 4.2 வோல்ட் வரைக்கும் ஏறும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒண்ணு போடுங்க, முழு சார்ஜுல 3.65, ஓடும்போது 3.2 பக்கத்துலயே நிக்கும், எஸ்எக்ஸ்1276க்கும் ப்ரோ மினிக்கும் நேராவே குடுக்கலாம், நடுவுல ரெகுலேட்டரே தேவையில்ல. புதுசா சார்ஜர்ல இருந்து எடுத்த செல்ல கொஞ்ச நேரம் வெச்சிருந்து மாட்டுங்க.

கோடுல ஒரு எடம் எல்லாரும் விடுவாங்க: ப்ராசசர தூங்க வெப்பாங்க, ரேடியோவ தூங்கச் சொல்ல மாட்டாங்க. அது ஸ்டாண்ட்பைலயே ஒண்ணரை மில்லி ஆம்பு வாங்கிட்டு உக்காந்திருக்கும். ஸ்லீப் கட்டளைய குடுத்துட்டு அப்புறம் ப்ராசசர தூங்க வைங்க. வாட்ச்டாக் ஒரு தடவைக்கு 8 செகண்டுதான் தூங்க விடும், எழுப்பி எழுப்பி திரும்ப தூங்க வெச்சு கால்மணி கணக்கு பண்ணணும், அது லைப்ரரியிலேயே வரும்.

---

தக்கலை டிங்கர்:

சென்சார் பத்தி யாரும் கேக்கலியே. அல்ட்ராசோனிக் வெக்கப் போறியா? தண்ணிக்கு ஆவுற அந்த ஜேஎஸ்என் வகைக்கு முகத்துக்கு முன்னால 20 சென்டிமீட்டருக்கு உள்ள ஒண்ணும் தெரியாது, தொட்டி நெறயற நேரத்துலதான் அது கண்ணு கட்டிப்போகும். காலம்பற மூடிக்கு அடியில வேர்வை மாதிரி தண்ணி கோத்து நிக்கும்போதும் ஏடாகூடமா எண்ணு காட்டும். மெதக்கற ஃப்ளோட் சுவிட்ச் மூணு வாங்கி காலு, அரை, முழுசுன்னு மூணு எடத்துல கட்டு. உள்ள காந்தமும் ரீடு சுவிட்சும் மட்டும்தான், கரண்டே இழுக்காது. உனக்கு சென்டிமீட்டர் கணக்கா வேணும்? வழியுதா இல்லையான்னுதானே.

---

குலசேகரம்காரன்:

ஃப்ளோட் ஐடியா கொள்ளாம், அதையே வெக்கேன். ஆன்டெனா சொல்லுங்க, மாடியூலோட ஒரு சுருள் ஸ்பிரிங் வருது, அது போதுமா? தை மாசத்துல லீவு கெடைக்கும், அப்ப போய் டெஸ்ட் பண்ணலாம்னு இருக்கேன். டெஸ்ட்டு சரியா வந்தா கீழ மோட்டாரையும் இதுலயே தானா ஓட விடணும்னு ஆச.

---

நாஞ்சில் சோல்டர்:

தை மாசமா? நல்ல ஆளு. ரப்பர் எலை உதிர்ந்து மொட்டையா நிக்கற நேரமே அதுதானே, டிசம்பர் கடைசி ஜனவரியில விளைக்குள்ள வெயில் தரையில விழும். அப்ப டெஸ்ட் பண்ணுனா எல்லாம் பாஸாகும், கொழுந்து விட்டு எலை முத்துன பொறவு ஆனி ஆடி மழையில நனைஞ்சு தொங்கும்போது காணாமப் போகும். நமக்கு வருசத்துல ரெண்டு மழக்காலம் வேற. லீவு தையிலதான்னா தையிலயே மாட்டு, ஆனா ரிசீவர்ல வர்ற சிக்னல் அளவு ஆர்எஸ்எஸ்ஐய பதிவு பண்ற மாதிரி எழுது. மொட்ட மரத்துல மைனஸ் 95, மைனஸ் 100னு வந்தா பயமில்ல, 129 வரைக்கும் எறங்க எடம் இருக்கு. அப்பவே மைனஸ் 120ல நின்னா மழைக்கு நிக்காது, ஆன்டெனாவ ஒசத்து.

ஸ்பிரிங்க கழட்டிரு. 866க்கு கால் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர், கெட்டியான செம்பு ஒயர் வெட்டி நேரா நிறுத்து, அடியில கிரவுண்டுக்கு அதே நீளத்துல நாலு ஒயர் சாய்ச்சு விட்டா கொடைக்கம்பி மாதிரி இருக்கும், அது கடையில விக்கற ரப்பர் ஆன்டெனாவ விட நல்லாக் கேக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செங்குத்தா நிக்கணும், ஒண்ணு நின்னு ஒண்ணு படுத்திருந்தா நஷ்டம். ஆன்டெனா மாட்டாம அனுப்பச் சொல்லிப் பாக்காத, பவர் திரும்பி வந்து சிப்பையே பொசுக்கும். தொட்டிக்க மேல உச்சியில வெச்சா இடி மின்னல் வரும்போது கவனம், சித்திரை வைகாசியில மலையோரம் எப்படி இடிக்கும்னு உனக்குச் சொல்லவா வேணும், பக்கத்து மரத்த விட ஒசரமா கம்பி நட்டு வெக்காத.

வீட்டுப்பக்கம் மாடியில வை. ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவுல நேர்கோடு மட்டும் தெளிவா இருந்தாப் போதாது, அந்தக் கோட்டச் சுத்தி வீங்குன மாதிரி ஒரு எடம் காலியா இருக்கணும், உனக்க 700 மீட்டருக்கு நடுவுல அதோட ஆரம் கிட்டத்தட்ட 8 மீட்டர் வருது. முழுசா கெடைக்காது, எவ்வளவு ஒசத்துறியோ அவ்வளவுக்கு நல்லது.

---

சாமியார்மடம் ஓம்ஸ்:

மோட்டார தானா ஓட விடுறதுக்கு முன்னால: மேல இருந்து "நெறஞ்சாச்சு"ன்னு வர்ற ஒத்த பாக்கெட்ட நம்பி மோட்டார ஓட விடாதீங்க. அந்தப் பாக்கெட்டு வராமப் போனா கெணறு வத்தற வரைக்கும் ஓடும், மோட்டார் காயில் எரியும். மோட்டார் ஓடும்போது மட்டும் தொட்டி நோட் நிமிசத்துக்கு ஒருதடவ "இன்னும் எடம் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும், மூணு தடவ சத்தம் வரலன்னா கீழ இருக்கவன் தானா நிறுத்திரணும். மேல இருக்கவனுக்கு மோட்டார் ஓடுறது எப்படித் தெரியும்னு கேப்பீங்க, அனுப்பி முடிச்ச ஒடனே அரை செகண்டு காது குடுத்துட்டுத் தூங்கச் சொல்லுங்க, கீழ இருக்கவன் அந்த நேரத்துல பதில் சொல்லிருவான். கால்மணிக்கு ஒருதடவ அரை செகண்டுங்கறது பேட்டரிக்கு பெருசில்ல.

கூடவே, தண்ணி ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல, அதுக்கு மேல ஒரு பத்து நிமிசம் வெச்சு கீழ தனியா டைமர் ஒண்ணும் போடுங்க. ஸ்டார்டர் காண்டாக்டர் அடிக்கும்போது வர்ற இரைச்சல்ல கீழ இருக்க போர்டு ரீசெட் ஆகும், ரிலேய போர்டோட ஒரே டப்பாவுல வெக்காம தள்ளி வைங்க. 230 வோல்ட் பக்கம் கை வெக்க ஊர்ல தெரிஞ்ச எலக்ட்ரீசியன கூப்பிடுங்க.

---

குலசேகரம்காரன்:

சரி அண்ணாச்சி, மொதல்ல தண்ணி மட்டம் காட்டறது மட்டும் பண்ணுதேன், மோட்டாரு அப்புறம். ஆர்ஏ-01எச் ரெண்டு, ப்ரோ மினி ஒண்ணு, பாஸ்பேட் செல் ஒண்ணு, ஃப்ளோட் மூணு ஆர்டர் போட்டாச்சு. வீட்டுப் பக்கம் ஃபிரண்டுகிட்ட சும்மா கெடந்த இஎஸ்பி32 போர்டு வாங்கிக்கிட்டேன், அதுக்கு கரண்ட் இருக்கதால பிரச்சனை இல்ல. 1500 கொஞ்சம் தாண்டிருச்சு, டெலிவரி காசுதான் கொல்லுது.

---

மார்த்தாண்டம் தேன்கூடு:

நடுவுல பூந்து கேக்கதுக்கு மன்னிக்கணும். ரப்பர் விளைக்குள்ள தேன் பெட்டி வெச்சிருக்கேன், அஞ்சாறு எடத்துல சிதறிக் கெடக்கு, கொழுந்து விடுற மாசத்துல எந்தப் பெட்டி கனத்துருக்குன்னு வீட்டுல இருந்தே தெரிஞ்சா போக வர்ற பெட்ரோல் மிச்சம். ஒரு ரிசீவருக்கு எத்தன பெட்டி வரைக்கும் வெக்கலாம்? ஒரே நேரத்துல ரெண்டு பெட்டி பேசுனா என்ன ஆகும்?

---

நாஞ்சில் சோல்டர்:

மோதும், ரெண்டும் போச்சு, இல்லன்னா பலமானது மட்டும் வரும். ஆனா ஒரு பெட்டி ஒரு மணிக்கு ஒருதடவ 144 மில்லி செகண்டு பேசுது, இருவது பெட்டி வெச்சாலும் மொத்தம் மூணு செகண்டுதான், மிச்ச நேரம் எல்லாம் காத்து காலி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் குடுங்க, ஒரு மணி நேரத்தோட சும்மா எதாவது சில செகண்டு கூட்டிக் கொறச்சு தூங்க விடுங்க, ரெண்டு பெட்டி தொடர்ந்து மோதிக்கிட்டே இருக்காது. சின்க் வேர்டையும் (பாக்கெட்டுக்க மொகப்புல வர்ற அடையாளக் குறி) மாத்தி வெச்சுக்கிடுங்க, இல்லன்னா குலசேகரம் தம்பி தொட்டித் தண்ணி உங்க தேன் கணக்குல வந்து விழும். எடைக்கு லோட் செல்லும் (கனத்த அளக்கற சென்சார்) அதைப் படிக்கற எச்எக்ஸ்711 போர்டும் போடுவீங்க, அந்தப் போர்டையும் தூங்க வெக்கணும், இல்லன்னா ஓம்ஸ் வந்து திட்டுவாரு. லோட் செல்லு வெயிலுக்கும் குளிருக்கும் எடைய மாத்திக் காட்டும், அதனால வெடியக்காலம் ஒரே நேரத்துல எடுத்த எடைய மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க. மத்ததுக்கு தனியா ஒரு கேள்வி போடுங்க, இங்க தொட்டியும் தேனும் கலந்துரும்.